வாசகர் கேள்வி – பதில்: சுற்றுலாப் பட்டத்துக்கு முன் ஓர் அக்சஸ் ஆண்டு

கேள்வி: நான் கிளிநொச்சியில் க.பொ.த. சாதாரண தரம் வரை படித்தேன். உயர்தரம் எழுதவேண்டிய ஆண்டு 2008. அந்த ஆண்டில் எங்கள் குடும்பம் எங்கெங்கே இருந்தது என்பதை உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2012இல் லண்டனுக்கு வந்தேன், இப்போது பிரித்தானியக் குடியுரிமை உண்டு. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆறு ஆண்டுகளாக நம்மவர் ஒருவரின் பயண முகவர் நிலையத்தில் பகுதிநேரமாக விமானச் சீட்டுப் பதிவு செய்கிறேன். சுற்றுலா முகாமைத்துவத்தில் பட்டம் பெற விருப்பம். உயர்தரம் இல்லாதவர்களுக்கு 'அக்சஸ்' என்றொரு படிப்பு உண்டு என்று தோழி சொன்னாள். படிவத்தை எடுத்துவைத்து இரண்டு வாரமாகிறது, 'ஏன் இந்தப் படிப்பு' என்ற பெட்டியில் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. எனக்கு இடம் கிடைக்குமா? செலவு எவ்வளவு வரும்?
– ஹரோவிலிருந்து ஒரு வாசகி

பதில்: அந்தப் படிவத்தை இன்னும் ஒரு வாரம் மேசையிலேயே விட்டுவையுங்கள். முதலில் எழுதவேண்டியது கல்லூரிக்கு அல்ல, நீங்கள் பின்னர் சேர விரும்பும் பல்கலைக்கழகத்துக்கு. அக்சஸ் டிப்ளோமா என்பது தன்னளவில் நிற்கும் படிப்பு அன்று, பல்கலைக்கழக வாசலில் கொண்டுபோய் விடும் படிக்கட்டு. எந்த வாசல் என்று தெரியாமல் ஏறத் தொடங்கியவர்கள், ஓர் ஆண்டை முடித்துவிட்டு, "உங்கள் டிப்ளோமா சரி, ஆனால் கணிதம் எங்கே?" என்ற கேள்விக்கு முன்னால் நின்றதை மாலை வகுப்புகளில் பாடம் நடத்திய காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் ஈலிங்கில் மேற்கு லண்டன் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் கிரினிச், இன்னும் சற்றுத் தள்ளி கில்ட்ஃபோர்டில் சரே பல்கலைக்கழகம். சுற்றுலாத் துறையில் பெயர்பெற்ற இடங்கள் இவை. இவற்றில் இரண்டு மூன்றின் மாணவர் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று செய்திகளைக் கேளுங்கள்: அக்சஸ் டிப்ளோமாவில் எந்தப் பாடப்பிரிவுகளை ஏற்கிறீர்கள், எத்தனை கிரெடிட்டுகள் எந்தத் தரத்தில் வேண்டும், ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் என்ன சான்று வேண்டும். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்ன சொல் அடுத்த ஆண்டு உங்களுக்குத் துணைக்கு வராது.

மூன்றாவது கேள்விதான் நம்மவர்களை அதிகம் சறுக்கவைப்பது. பெரும்பாலான பட்டப்படிப்புகள் அக்சஸ் டிப்ளோமாவோடு ஜிசிஎஸ்இ (இங்கே பிள்ளைகள் 16 வயதில் எழுதும் பொதுத் தேர்வு) ஆங்கிலமும் கணிதமும் 4ஆம் தரத்தில், அதாவது பழைய கணக்கில் 'சி' தரத்தில், இருக்கவேண்டும் என்று கேட்கின்றன. உங்கள் சாதாரண தரப் பெறுபேற்றை இங்கிலாந்துத் தரத்தோடு ஒப்பிட்டுச் சான்றளிக்கும் அமைப்பு யூகே எனிக். முன்பு நாரிக் என்ற பெயரில் இருந்ததும் இதுதான். கணிதச் சித்தியை ஏற்கும் பல்கலைக்கழகம்கூட, தமிழ்மொழி மூலம் படித்தவரின் ஆங்கிலப் பாடச் சித்தியை ஏற்கத் தயங்கலாம். அப்படியானால் ஜிசிஎஸ்இ ஆங்கிலத்தையோ, அதற்கு ஈடாகச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், நடைமுறை ஆங்கிலத்தைச் சோதிக்கும் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் தேர்வின் இரண்டாம் நிலையையோ எழுதிவிடுங்கள். அந்தத் தரத்தை இதுவரை எட்டாத, வதிவிட நிபந்தனையை நிறைவுசெய்யும் 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இங்கிலாந்தில் இந்த வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. அக்சஸையும் ஜிசிஎஸ்இயையும் ஒரே ஆண்டில் சேர்த்துச் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் வேலையையும் வைத்துக்கொண்டு அதைச் செய்யும்படி நான் சொல்லமாட்டேன்.

இனிப் படிப்பைப் பற்றி. டிப்ளோமா மொத்தம் 60 கிரெடிட்டுகள் கொண்டது. ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு என்பதால், வகுப்பும் வீட்டுப் படிப்புமாக ஏறத்தாழ 600 மணி நேரம். அவற்றுள் 45 கிரெடிட்டுகள் மூன்றாம் நிலையில், அதாவது ஏ லெவலுக்கு இணையான நிலையில், பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று தரமிடப்படும். மிச்சம் 15க்குத் தரம் இல்லை, முடித்தால் போதும். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளிக் கணக்கில் 45ம் டிஸ்டிங்ஷன் என்றால் 144, மெரிட் என்றால் 96, வெறும் பாஸ் என்றால் 48. மூன்றிலும் பதினைந்து பதினைந்தாகப் பெற்றாலும் அதே 96 வரும். முழுநேரமாகப் படித்தால் செப்டம்பரில் தொடங்கி அடுத்த கோடையில் முடியும், பகுதிநேரமாக என்றால் இரண்டு ஆண்டுகள்.

சுற்றுலா என்ற பெயரிலேயே அக்சஸ் டிப்ளோமா நடத்தும் கல்லூரிகள் குறைவு. இணையவழியில் நடத்துவோர் உண்டு. அருகில் கிடைக்கவில்லை என்றால் வணிகப் பிரிவில் சேர்வதில் நட்டம் ஒன்றும் இல்லை, பல சுற்றுலாப் பட்டங்கள் வணிகத் துறைக்குள்ளேயே இருக்கின்றன. பெயரைப் பார்த்து ஏமாறுவதில்தான் ஆபத்து. இணையத்தில் 'சுற்றுலா, பயணத் துறை மூன்றாம் நிலை டிப்ளோமா' என்று மலிவாக விற்கப்படும் எல்லாமே அக்சஸ் டிப்ளோமா ஆகிவிடாது. 'அக்சஸ் டு ஹையர் எஜுகேஷன்' என்ற முழுப்பெயரும், அந்தப் படிப்பு கியூஏஏ என்னும் தரக் கண்காணிப்பு அமைப்பின் அங்கீகாரத்துக்கு உட்பட்டது என்ற குறிப்பும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கட்டவேண்டும்.

இப்போது அந்தக் காலிப் பெட்டிக்கு வருவோம். "சிறுவயது முதலே பயணம் என்றால் எனக்கு உயிர்" என்று தொடங்குவீர்கள் என்று ஊகிக்கிறேன். தொடங்காதீர்கள். அந்தப் படிவங்களைப் படிப்பவர் அன்று காலை மட்டும் அதே வரியைப் பல முறை படித்திருப்பார். உங்களிடம் வேறெவரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் உங்கள் மேசையில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இங்கே பள்ளி விடுமுறை, நல்லூரில் திருவிழா, 15ஆம் தேதி மடுமாதா பெருவிழா, எல்லாம் ஒரே வாரங்களில் வந்து விழுகின்றன, கொழும்புச் சீட்டின் விலை ஏறிக்கொண்டே போகிறது, ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று ஒரே விமானத்தில் ஒரே விலைக்கு வேண்டும் என்று முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுடைய கடவுச்சீட்டுகளில் தகப்பன் பெயர் ஒருவருக்குக் குடும்பப்பெயராகவும் இன்னொருவருக்கு முதற்பெயராகவும் பதிவாகியிருக்கிறது. சீட்டில் அது மாறிப்போனால் விமான நிலையத்தில் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே பணம் வாங்குமுன் ஐந்து கடவுச்சீட்டுகளையும் வாங்கி எழுத்து எழுத்தாகப் பார்க்கிறீர்கள். இதை எழுதுங்கள்.

எழுதிவிட்டு, ஏன் அந்த வாரங்களில் மட்டும் விலை அப்படி ஏறுகிறது, அதை நிறுவனங்கள் எப்படிக் கணக்கிடுகின்றன, முகவர் நிலையம் முன்கூட்டியே என்ன செய்திருக்கலாம் என்று அறிய விரும்புவதாக அடுத்த வரியில் சொல்லுங்கள். பருவகாலத் தேவை, விலை நிர்ணயம் என்பவை சுற்றுலாப் பாடத்தின் நடுத்தூண்கள். உறவினரையும் நண்பரையும் பார்க்கப் போகும் பயணம் என்பது அந்தத் துறையில் தனி வகையாகவே ஆராயப்படுகிறது. உங்கள் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய எல்லோருமே அந்த வகைதான். ஆறு ஆண்டுகளாக நீங்கள் பாடநூலின் ஓர் அத்தியாயத்துக்குள் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறீர்கள்.

படிவம் போன பிறகு நேர்முகமும், ஆங்கிலத்திலும் கணிதத்திலும் சிறு தேர்வும் இருக்கும். ஒரு கட்டுரையைப் படித்து அரைப் பக்கம் எழுதச் சொல்வார்கள், விழுக்காட்டுக் கணக்குகள் சில வரும். நேர்முகத்தில் பெரும்பாலும் கேட்பது, வாரத்தில் எத்தனை மணி நேரம் படிக்க முடியும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் பார்ப்பார்கள் என்பதைப் போன்றவைதான். சங்கடப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். "எல்லாம் சமாளிப்பேன்" என்பதைவிட, "செவ்வாயும் வியாழனும் அம்மா வந்து நிற்பார்" என்ற பதிலுக்கு மதிப்பு அதிகம்.

செலவு: கல்லூரிகளில் கட்டணம் பொதுவாக 3,000 பவுண்டுக்கு மேல் வரும். அதை நீங்கள் கையிலிருந்து கட்டவேண்டியதில்லை. 19 வயது நிறைந்தவர்களுக்கு 'அட்வான்ஸ்ட் லேர்னர் லோன்' என்ற அரசுக் கடன் உண்டு. குடியுரிமையும் மூன்றாண்டு வதிவிடமும் உங்களுக்கு இருப்பதால் தகுதியில் சிக்கல் வராது. வருமானத்தையோ வங்கிக் கடன் வரலாற்றையோ பார்க்கமாட்டார்கள். ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால்தான், தாண்டிய தொகையில் 9 விழுக்காடு பிடிப்பார்கள். இன்னொரு சலுகையும் உண்டு: அக்சஸுக்காக வாங்கிய கடனில் மிச்சமிருப்பது, பிறகு மாணவர் கடனுக்குத் தகுதியுள்ள பட்டப்படிப்பு ஒன்றை முடித்துவிட்டால் தள்ளுபடியாகிவிடும். கடன் பெறும் மாணவருக்குப் பிள்ளைப் பராமரிப்புக்கும் போக்குவரத்துக்கும் கைகொடுக்கக் கல்லூரிகளிடம் தனி உதவிநிதி இருக்கும். கேட்டவர்களுக்குத்தான் கிடைக்கும், ஆகையால் சேரும்போதே கேளுங்கள்.

கடைசியாக நாட்காட்டி. அக்சஸ் செப்டம்பரில் தொடங்கினால், பட்டப்படிப்புக்கான யூகாஸ் விண்ணப்பம் அடுத்த ஜனவரியிலேயே போய்விடவேண்டும். 2026 நுழைவுக்கு அந்தக் கடைசி நாள் ஜனவரி 14ஆக இருந்தது. வகுப்பில் உட்கார்ந்து நான்கு மாதம் ஆகுமுன் ஐந்து பல்கலைக்கழகத் தெரிவுகளையும் எழுதியாக வேண்டும். முன்பிருந்த ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக இப்போது மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் பாடம், படித்தவை எப்படி உங்களைத் தயார்ப்படுத்தின, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள். மூன்றாவது கேள்வி உங்களுக்கென்றே வைத்தது போலிருக்கிறது.

கேள்வி: மகனுக்கு 18 வயது. ஏ லெவல் பெறுபேறு சரியாக வரவில்லை. சுற்றுலா படிக்கப் போகிறேன் என்கிறான். அவனும் அக்சஸ் செய்யலாமா, அல்லது பட்டப்படிப்புக்கு முன் பல்கலைக்கழகமே நடத்தும் ஃபவுண்டேஷன் என்ற ஆயத்த ஆண்டா?
– ரூட்டிங்கிலிருந்து ஒரு தந்தை

பதில்: அக்சஸ் என்பது படிப்பை விட்டுப் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பி வரும் பெரியவர்களுக்காக அமைந்தது. பள்ளியிலிருந்து நேரே வரும் 18 வயதுப் பிள்ளையைக் கல்லூரிகள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை, அவனுக்கு மேலே சொன்ன கடனும் கிடைக்காது. அவனுக்குப் பொருந்துவது ஃபவுண்டேஷன் ஆண்டு. 2025-26 கல்வியாண்டிலிருந்து இங்கிலாந்தில் வணிகம் போன்ற வகுப்பறைப் பாடங்களின் ஃபவுண்டேஷன் ஆண்டுக்கான கட்டண உச்சவரம்பை 5,760 பவுண்டாகக் குறைத்திருக்கிறார்கள். சாதாரணப் பட்ட ஆண்டுக்கு அந்தக் கல்வியாண்டில் அது 9,535. ஃபவுண்டேஷன் ஆண்டு பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தோடு பிணைந்தது, இடையில் வேறு இடத்துக்கு மாறுவது எளிதன்று. ஆகவே அந்த ஆண்டோடு சேர்த்து நான்காண்டு அங்கேயே படிக்க அவனுக்கு மனமிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஓராண்டு வேலைப் பயிற்சி உள்ளடங்கிய பட்டமா என்பதையும் பாருங்கள். விடுதியிலோ விமான நிலையத்திலோ ஓராண்டு நின்று பழகியவனுக்கு வேலை கேட்டுப் போகும்போது சொல்ல ஏதாவது இருக்கும்.

கேள்வி: நான் வவுனியாவில் இருக்கிறேன். உயர்தரத்தில் மூன்று பாடச் சித்தி. மாணவர் விசாவில் வந்து அக்சஸ் செய்ய முடியுமா?
– ஒரு வாசகர்

பதில்: அக்சஸ் இங்கு வசிப்பவர்களை எண்ணி ஏற்பட்ட ஒழுங்கு. விசாவில் வருவோருக்கு அது வழியல்ல. பல்கலைக்கழகங்கள் நடத்தும் சர்வதேச ஃபவுண்டேஷன் படிப்புகள் உண்டு, ஆனால் அவற்றின் கட்டணத்தை விசாரித்துவிட்டு வீட்டில் பேசுங்கள். மூன்று சித்திகளை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் ஒரு படி கீழே இறங்கவேண்டும் என்பதும் எனக்கு விளங்கவில்லை. உங்கள் பெறுபேற்றுக்கு நேரடியாக முதலாம் ஆண்டிலேயே இடம் தரும் பல்கலைக்கழகங்கள் இங்கு இருக்கலாம். அதற்கும் முன்பு, சப்ரகமுவப் பல்கலைக்கழகத்திலும் ஊவா வெல்லஸ்ஸவிலும் சுற்றுலாத் துறையில் பட்டப்படிப்புகள் இருப்பதைப் பாருங்கள். 1964இல் இலங்கை ஹோட்டல் பள்ளியாகத் தொடங்கி, இன்று சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனமாக இருக்கும் அரச பயிற்சி நிலையமும் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உங்கள் இசட் புள்ளியை எழுதவில்லை. அதையும் பாடங்களையும் குறிப்பிட்டு மறுபடி எழுதினால் அடுத்த இதழில் விரிவாகச் சொல்கிறேன்.