தினமும் போடும் தங்கச் செயின் உண்மையிலேயே தேயுமா?

கேட்டவரின் கதை இதுதான்: அம்மாவின் தாலிச் செயின், 28 வருடங்களுக்கு முன் 5 பவுனில் வாங்கியது. பில்லில் 40 கிராம். போன வாரம் அறுந்துபோய், பற்ற வைக்க எடுத்துப் போனால் 38.1 கிராம்தான் இருக்கிறது என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். "தங்கம் எப்படிங்க தேயும்? ஏமாத்துறாங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

தேயும். நன்றாகவே தேயும். 28 வருடத்துக்கு இரண்டு கிராம் குறைவது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

என் அப்பா மதுரை தெற்காவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்தார். நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. ஆனால் சுற்றி வளைத்து அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். இப்போது நகைக் கடனுக்கு வரும் நகைகளை உரசிப் பார்த்து, எடை போட்டு மதிப்புச் சொல்வது என் வேலை. புதுநகையைக் கடைக்காரர்கள் பார்ப்பார்கள். இருபது முப்பது வருடம் உடம்பில் கிடந்த நகை என் மேசைக்குத்தான் வரும்.

முதலில் ஒரு குழப்பத்தை எடுத்துவிடலாம். வாங்கும்போது பில்லில் போடும் சேதாரம் வேறு, நீங்கள் போட்டுப் போட்டுக் குறைவது வேறு. சேதாரம் என்பது நகை செய்யும்போது போகும் தங்கத்துக்கென்று கடை வாங்கும் கணக்கு. பட்டறையில் அராவும் போதும் அறுக்கும் போதும் பொடி பறக்கும். அப்பா கை கழுவிய தண்ணீரைக்கூடக் கீழே ஊற்ற விடமாட்டார், ஒரு தொட்டியில் சேர்ப்பார். தரையைக் கூட்டிய தூசியும் ஒரு டப்பாவில் போகும். அதை வாங்கிப்போய் அரித்துத் தங்கம் எடுக்கவே ஆட்கள் இருக்கிறார்கள். சிறுவயதில் இதைப் பார்த்து வளர்ந்ததால், தங்கம் கண்ணுக்குத் தெரியாமல் குறையும் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படவில்லை.

உங்கள் அம்மாவின் செயின் 22 கேரட்டாக இருக்கும். அதாவது 91.6 சதவீதம் தங்கம், மிச்சம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். சுத்தத் தங்கம் நகை செய்ய முடியாத அளவுக்கு மெத்து என்பதால்தான் இந்தக் கலப்பு. கலந்த பிறகும் மெத்துதான். நம் ஊர்த் தூசியில் இருக்கும் பொடி மணல் தங்கத்தைவிடப் பல மடங்கு கடினம். வியன்னாவில் கியோர்க் ஸ்டெய்ன்ஹவுசர் என்ற வேதியியலாளர் தன் கல்யாண மோதிரத்தையே ஒரு வருடம் வாராவாரம் எடை போட்டு 2008-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஐந்தரைக் கிராம் சொச்சம் உள்ள 18 கேரட் மோதிரம், ஒரு வருடத்தில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. சதவீதத்தில் சுமார் 0.11. கடற்கரைக்கு விடுமுறை போய் வந்த வாரத்தில் இழப்பு கூடியிருந்ததாம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40 கிராமில் 1.9 கிராம், 28 வருடத்தில். வருடத்துக்கு 0.17 சதவீதம். அவருடையது 18 கேரட், இதைவிடக் கெட்டி. அதுவும் ஒற்றை மோதிரம். உங்களுடையது நூற்றுக்கணக்கான வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் செயின், அதுவும் தூக்கத்திலும் கழற்றாத தாலிச் செயின். கணக்கு இடிக்கவில்லை.

எடையை விட எனக்குக் கவலை வேறு. இந்தத் தேய்மானம் செயின் முழுக்க ஒரே சீராக நடப்பதில்லை. வளையமும் வளையமும் தொடும் அந்த ஒரு புள்ளியில்தான் அதிகம் நடக்கிறது. கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தால் தெரியும்: பக்கவாட்டில் கம்பி முழு உருண்டையாக, கிட்டத்தட்ட செய்த அன்று இருந்தது மாதிரியே இருக்கும், பக்கத்து வளையம் தொங்கும் இடத்தில் மட்டும் பிறை மாதிரி குழிந்து பாதியாகியிருக்கும். மொத்த எடையில் ஐந்து சதவீதம்கூடப் போயிருக்காது, ஆனால் அறுந்துவிடும். அதிலும் முதலில் போவது கொக்கியும், கொக்கி மாட்டும் வளையமும், திருமாங்கல்யம் தொங்கும் இடமும்தான். பாரம் விழுவது அங்கே.

இன்னொரு விஷயம். உங்கள் அம்மா செயினில் ஊக்கு மாட்டியிருக்கிறாரா? நான் பார்க்கும் தாலிச் செயின்களில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று ஊக்குகளோடுதான் வருகின்றன. அவசரத்துக்கு உதவும், சேலைக்கு வேண்டும், எல்லாம் சரி. ஆனால் ஊக்கு இரும்புக் கம்பி. நடக்கும்போதெல்லாம் தங்க வளையத்தை அரம் மாதிரி ராவிக்கொண்டே இருக்கும். ஊக்கை எடுத்துவிட்டுப் பார்த்தால், அது தொங்கிய வளையத்தில் மட்டும் கத்தியால் கீறின மாதிரி ஒரு பள்ளம். அறுந்த இடம் எது என்று பாருங்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

கண்ணாடி வளையலோடு தங்க வளையல் சேர்த்துப் போடுவதும் இதே கதைதான். கண்ணாடி கெட்டி, தங்கம் மெத்து. ஓரத்து வேலைப்பாடு சில வருடத்தில் மழுங்கிவிடும். அழகுக்காகப் போடுவதை நான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, விசேஷத்துக்குப் போட்டுவிட்டுக் கழற்றினால் போதும். தோடு, மூக்குத்தியில் திருகாணியின் மரை தேயும். முன்பு ஐந்தாறு சுற்றில் கழன்றது இப்போது இரண்டு சுற்றில் வருகிறது என்றால் உடனே திருகாணியை மாற்றுங்கள். குளிக்கும்போது சாக்கடையில் போன தோடுகளின் எண்ணிக்கைக்குக் கணக்கே கிடையாது.

சோப்பும் தண்ணீரும் தங்கத்தைக் கரைக்காது. கறுத்துப்போவது கலப்பில் உள்ள செம்பும் வெள்ளியும் செய்யும் வேலை. அதோடு வியர்வை, மஞ்சள், பவுடர் எல்லாம் இடுக்கில் சேர்கிறது. சொல்லப்போனால் அழுக்கு எடையைக் கூட்டும்! கழுவிய பிறகு எடை இறங்கினால் தங்கம் போய்விட்டது என்று பயந்துவிட வேண்டாம்.

வீட்டில் கழுவ எங்கள் அப்பா வழி: பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த தண்ணீர், இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு ஷாம்பு. ஒரு கிண்ணத்தில் அரைமணி நேரம் ஊறட்டும். குழந்தைகள் பல் தேய்க்கும் மெத்தான பிரஷால் இடுக்கில் மட்டும் லேசாகத் தேய்த்து, இன்னொரு கிண்ணத்து நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். குழாயடியில் வைத்து அலசாதீர்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. டூத்பேஸ்ட் வேண்டவே வேண்டாம். பளபளவென்று வருவது உண்மைதான். அதில் இருக்கும் பொடி மேல் தோலைச் சுரண்டுவதால்தான் அந்தப் பளபளப்பு. கல் வைத்த அட்டிகை, ஜிமிக்கியை ஊற வைக்கக்கூடாது, பின்னால் அரக்கு இருக்கும், சூடு பட்டால் இளகிவிடும். முத்து, பவளத்தில் புளி, எலுமிச்சை படக்கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

நீச்சல் குளத்துக் குளோரினும் பிளீச்சிங் பவுடரும் 18, 14 கேரட் நகைகளுக்குத்தான் அதிக ஆபத்து. கலப்பு அதிகம் என்பதால் பற்று வைத்த இடத்தில் விரிசல் விடும்.

பாதரசம் தனி ரகம். ஒருமுறை ஒரு நர்ஸ் மோதிரத்தைக் கொண்டுவந்தார், பாதி வெள்ளையாக இருந்தது. உடைந்த தெர்மாமீட்டரைக் கையால் கூட்டி அள்ளியிருக்கிறார். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக் கலந்துவிடும். அதை அடுப்பில் காட்டினால் போய்விடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நல்லவேளை செய்யவில்லை, அந்தப் புகை விஷம்.

அப்புறம் பாலிஷ். தெருவில் "நகைக்குப் பாலிஷ் போடுறோம்" என்று வருபவர்களிடம் கொடுக்கவே கூடாது. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்த ராஜ திராவகத்தில் தங்கம் கரையும். கிண்ணத்தில் முக்கி எடுத்தால் செயின் புதிதாக ஜொலிக்கும், கரைந்த தங்கம் அவர் கிண்ணத்திலேயே தங்கிவிடும், வீட்டுக்குப் போய் எடுத்துக்கொள்வார். இப்படி மூன்று பவுன் செயினில் ஐந்து கிராமுக்கு மேல் பறிகொடுத்த ஒரு பாட்டி என் மேசை முன் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். கடையில் மெஷினில் மெருகு போட்டாலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். வருடா வருடம் போடத் தேவையில்லை. போடும்போது முன்னும் பின்னும் உங்கள் கண்முன் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் செயினுக்கு வருகிறேன். அறுந்த இடத்தை மட்டும் பற்ற வைத்தால் பக்கத்து வளையம் ஆறு மாதத்தில் அறும், ஏனென்றால் அதுவும் அதே வயதுதான். கொக்கி, அதன் இரண்டு பக்கத்து வளையங்கள், தாலி கோர்க்கும் இடம், இவற்றை மாற்றித் தரக் கேளுங்கள். நடுவில் எல்லா வளையமும் குழிந்திருந்தால் பற்று வைத்துக்கொண்டே இருப்பதைவிட அழித்துச் செய்வதே லாபம். ஊக்கை மறக்காமல் கழற்றச் சொல்லுங்கள்.

கழற்றுவார்களா என்பது வேறு. என் அம்மாவிடம் ஐந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன மாதம்தான் ஒரு ஊக்கை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டார். இரண்டு இன்னும் செயினில்தான் தொங்குகிறது.