விடுதிக் கதவும் தனிமனித உரிமையும்

கேள்வி: அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கும் என் மகன் தன்னை ‘லிபர்டேரியன்’ என்று சொல்லிக்கொள்கிறான். அரசின் தலையீடு குறைய வேண்டும், தனிமனிதனின் உரிமையிலும் சொத்திலும் யாரும் கைவைக்கக் கூடாது என்பதே தன் கொள்கை என்கிறான். அவனுடன் அறையில் தங்கியிருக்கும் கறுப்பின நண்பர், “என் தாத்தாவை உணவகத்துக்கு வெளியே நிறுத்தியது உங்கள் கொள்கைதான்” என்று சொல்லிவிட்டாராம். அன்று முதல் இருவருக்கும் சரியான பேச்சில்லை. நண்பர் சொன்னது நியாயமா? மகனுக்கு நான் என்ன சொல்வது?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்

பதில்: அன்புள்ள ஐயா, அந்த நண்பரின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தில் வரலாற்றின் ஒரு பாதிதான் இருக்கிறது. மறுபாதியையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் உங்கள் மகனால் அவருடன் நேர்மையாகப் பேச முடியும்.

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் தெருவில் கறுப்பினத்தவர் குடியேறக் கூடாது என்று 1914இல் நகராட்சி சட்டம் போட்டது. கறுப்பின உரிமைச் சங்கமான என்ஏஏசிபி அதை எதிர்த்து நடத்திய வழக்கில் வாதாடியவர், அச்சங்கத்தின் முதல் தலைவரான மூர்ஃபீல்ட் ஸ்டோரி. அரசு அதிகாரம் குறைவாக இருக்க வேண்டும் என்ற பழைய தாராளவாத மரபில் வந்த அவர், தன் மனையைத் தான் விரும்பியவருக்கு விற்க உரிமையாளருக்கு உள்ள சுதந்திரத்தை அரசு பறிக்க முடியாது என்று வாதிட்டார். 1917இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தை ரத்து செய்தது. சொத்துரிமை என்ற அதே வாதம் அன்று நிறவெறிச் சட்டம் ஒன்றை வீழ்த்தியது. உங்கள் மகன் இதைத் தாராளமாகப் பெருமையோடு சொல்லலாம்.

ஆனால் சட்டம் போன இடத்தில் ஒப்பந்தம் வந்தது. கறுப்பினத்தவருக்கு விற்க மாட்டோம் என்று வீட்டு உரிமையாளர்களே பத்திரத்தில் எழுதிக்கொண்டார்கள். அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது. அரசு விலகிக்கொண்டால் மனிதர்கள் தாமாகவே சமமாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை இந்த முப்பத்தொரு ஆண்டுகள் காட்டுகின்றன.

அடுத்து 1964. அந்த ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், தங்கும் விடுதிகளும் உணவகங்களும் நிறம் பார்த்து ஆளை விலக்குவதைத் தடை செய்தது. செனட்டில் 73 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்த 27 பேரில் ஒருவர், அரசின் தலையீடு குறைய வேண்டும் என்று பேசிவந்த, அந்த ஆண்டே குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரான பாரி கோல்ட்வாட்டர். அவரை நிறவெறியர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1957, 1960ஆம் ஆண்டுகளின் குடிமை உரிமைகள் சட்டங்களை ஆதரித்தவர் அவர். தனியார் வணிகம் யாருக்குச் சேவை செய்ய வேண்டும், யாரை வேலைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு சொல்லக் கூடாது என்பதே அவருடைய ஆட்சேபம். ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் நடந்த அதிபர் தேர்தலில், சொந்த மாநிலமான அரிசோனாவைத் தவிர அவர் வென்ற ஐந்தும் நிறப்பிரிவினை வேரூன்றியிருந்த ஆழ்தென் மாநிலங்கள். கறுப்பினத்தவரில் மிகப் பெரும்பாலோரை வாக்களிக்கவே விடாத மிசிசிப்பியில் அவருக்கு 87 சதவீத வாக்குகள் விழுந்தன. அவர் மனத்தில் என்ன இருந்தாலும், அங்கே வாக்களித்தவர்களுக்கு அந்தக் கொள்கை எதற்குப் பயன்படும் என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

அச்சட்டம் கையெழுத்தான உடனேயே வழக்குத் தொடர்ந்தது அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு மோட்டல். விரும்பாத விருந்தினரை ஏற்கச் சொல்வது தன்னைக் கட்டாய ஊழியத்துக்கு உட்படுத்துவதாகும் என்று அதன் உரிமையாளர் வாதிட்டார். அதற்கு அவர் துணைக்கு அழைத்தது அடிமைமுறையை ஒழித்த பதின்மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தத்தை. இதை எப்போது படித்தாலும் என் மனம் கொதிக்கிறது. உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரிலேயே ஒருமனதாக அதை நிராகரித்தது.

வெளியே நின்றவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். உங்களைப் போலவே தபால் துறையில் வேலை பார்த்த நியூயார்க்கின் விக்டர் கிரீன், கறுப்பினப் பயணிகள் எந்த ஊரில் எந்த வீட்டில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று 1936 முதல் வழிகாட்டி நூல் வெளியிட வேண்டியிருந்தது. கையில் பணம் இருந்தும் இரவு தலைசாய்க்க இடம் தேடிய அந்தக் குடும்பங்களின் சுதந்திரம், மோட்டல் உரிமையாளரின் சுதந்திரத்துக்கு எந்த விதத்தில் குறைந்தது என்ற கேள்விக்கு லிபர்டேரியன் எழுத்துகளில் நிறைவான பதிலை நான் கண்டதில்லை.

சந்தைப் போட்டியே பாகுபாட்டைக் கரைத்துவிடும் என்றார் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன். அதற்கும் ஓரளவு ஆதாரம் உண்டு. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வுல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய உணவு மேசையில் உட்கார்ந்து எழ மறுத்தார்கள். வியாபாரம் சரிந்ததால் ஜூலையில் கடை பணிந்தது. ஆனால் ஒரே ஒரு மேசைக்கு ஏறத்தாழ ஆறு மாதப் போராட்டம் தேவைப்பட்டது. தென்மாநிலங்களின் எல்லா மேசைகளுக்கும் அப்படிக் காத்திருக்கச் சொல்லும் உரிமை யாருக்கு இருந்தது?

பிற்காலத்தில் நடந்ததை மன்னிப்பது இன்னும் கடினம். வெள்ளை நிறவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளானின் முன்னாள் தலைவர் டேவிட் டியூக்கின் தேர்தல் திட்டத்தை 1992இல் லிபர்டேரியன் சிந்தனையாளர் மரே ராத்பார்ட் பாராட்டி எழுதினார். லிபர்டேரியன் அரசியல்வாதி ரான் பாலின் பெயரில் வந்த செய்திமடல்களில் அதே காலத்தில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வரிகள் அச்சாயின. தாம் எழுதியவை அல்ல என்று அவர் பின்னர் மறுத்தார். இங்கே கொள்கைத் தடுமாற்றம் என்று சமாதானம் சொல்ல இடமில்லை. வெள்ளையரின் மனக்கசப்பை ஆதரவாக மாற்றிக்கொள்ள இயக்கத்தின் ஒரு பகுதி தெரிந்தே முயன்றது.

ஆகவே, கொள்கையைக் கைவிடச் சொல்லி மகனை வற்புறுத்தாதீர்கள். அது அவன் முடிவு செய்ய வேண்டியது. 1964இல் நீ செனட்டில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் வாக்களித்திருப்பாய் என்று மட்டும் கேளுங்கள். அவசரமில்லாமல் யோசித்துப் பதில் சொல்லட்டும். அதற்கு முன்பாக அவன் நண்பரிடம் போய், அந்தத் தாத்தா எந்த ஊர்க்காரர், அந்த உணவகத்தில் அன்று என்ன நடந்தது என்று விசாரிக்கட்டும். நண்பர் சொல்லி முடிக்கும் வரை ஸ்டோரியின் பெயரையோ ஃப்ரீட்மனின் பெயரையோ அவன் எடுக்க வேண்டாம்.