மணிக்கு, அன்று, இல்: ஆங்கிலத்தில் நேரம் எழுதத் தமிழே துணை

தம்பி, நீங்கள் அனுப்பிய விண்ணப்பக் கடிதத்தைப் படித்தேன். படிப்பு, பயிற்சி பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். நாள், மணி, வருடம் வருகிற இடங்களில் மட்டும் தடுமாறுகிறது. 'அட், ஆன், இன் மூன்றுக்கும் விதிகளை மனப்பாடம் செய்தேன், எழுத உட்கார்ந்தால் குழம்பிவிடுகிறது' என்கிறீர்கள். மனப்பாடம் வேண்டாம். எழுத நினைப்பதை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

'பத்து மணிக்கு' என்கிறோம். அந்த 'க்கு' வந்தால் அட். 'திங்களன்று', 'ஐந்தாம் தேதியன்று' என்று 'அன்று' பொருந்தினால் ஆன். 'ஜூன் மாதத்தில்', '2022-இல்', 'காலையில்' என்று 'இல்' வந்தால் இன். 'நாளை', 'அடுத்த திங்கள்', 'போன வருடம்' இவற்றோடு நாம் எதையும் ஒட்டுவதில்லை, ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஆகவே 'ஆன் டுமாரோ', 'ஆன் நெக்ஸ்ட் மண்டே' இரண்டிலும் அந்த ஆனை எடுத்துவிடுங்கள்.

இந்தக் கணக்கு சில இடங்களில் காலை வாரும். 'இரவில்' என்றாலும் 'அட் நைட்'தான். 'திங்கட்கிழமை காலையில்' என்றாலும், கிழமை வந்துவிட்டதால் 'ஆன் மண்டே மார்னிங்'. வார இறுதிக்கு பிரிட்டன்காரர்கள் அட் போடுவார்கள், அமெரிக்கர்கள் ஆன் போடுவார்கள். இரண்டும் சரி.

இதிலெல்லாம் தவறினாலும் படிப்பவர் புரிந்துகொள்வார். வேலைக் கடிதத்தில் அர்த்தமே மாறிப்போகிற இடங்கள் வேறு.

'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்காணலிலும் நான் அதிகம் கேட்கிற பிழை இதுதான். 'மூன்று வருடமாக' என்பதில் உள்ள 'ஆக' ஃபார். '2021-லிருந்து' வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால் சின்ஸ். வேலையை விட்டுவிட்டீர்கள், '2019-லிருந்து 2021 வரை' என்றால் ஃப்ரம், டு. தமிழில் 'பார்க்கிறேன்' என்றாலே போதும்; ஆங்கிலத்தில் வினையும் மாறும்: 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்'.

சான்றிதழை 'பை ஃப்ரைடே' அனுப்பச் சொன்னால், வெள்ளிக்குள். புதனே அனுப்பலாம். 'அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை.

அப்புறம் 'இன் டூ வீக்ஸ்'. 'இரண்டு வாரத்துக்குள்' என்று நினைத்துப் பலர் இதை எழுதிவிடுகிறார்கள். 'ஐ கேன் ஜாயின் இன் டூ வீக்ஸ்' என்றால், இன்றிலிருந்து இரண்டு வாரம் கழித்துச் சேருவேன் என்றே நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அதற்கு முன்பே சேர முடியும் என்றால் 'விதின் டூ வீக்ஸ்' என்று எழுதுங்கள்.

எ, அன், தி விஷயத்தில் தமிழ் கைகொடுக்காது. நம்மிடம் அவை இல்லை. 'இன் தி மார்னிங்' என்பதில் தி உண்டு, 'அட் நைட்'டில் கிடையாது. ஏன் என்று கேட்டால், வழக்கம் அப்படி என்பதைத் தவிர என்னிடம் நல்ல பதில் இல்லை. அப்படியே பழகிக்கொள்ளுங்கள். 'லாஸ்ட் வீக்' என்றால் போன வாரம். பயிற்சியின் கடைசி வாரத்தைச் சொல்லும்போது 'தி லாஸ்ட் வீக்'. எ-வா அன்-னா என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' (hour) உயிரொலியில் தொடங்குவதால் 'அன் அவர்'. 'ஒன்' என்பது ஆங்கில உச்சரிப்பில் 'வ'கரத்தில் தொடங்குவதால் 'எ ஒன்-இயர் கோர்ஸ்'.

கடிதத்தின் கடைசி வரி: 'ஐ வில் கால் யூ ஆன் டுமாரோ இன் மார்னிங் டென் ஓ க்ளாக்'. அதை 'ஐ வில் கால் யூ டுமாரோ மார்னிங் அட் டென்' என்று மாற்றுங்கள். மற்ற வரிகளை நீங்களே திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறேன்.