கவுண்டர் தம்பிக்கு எந்த மெனு தெரிய வேண்டும்?

சுங்கை சிப்புட்டில் உரம், களைக்கொல்லி, தோட்டச் சாமான் கடை நடத்தும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கடையில் ஓடூ என்ற விற்பனை, ஸ்டாக், கணக்கு மென்பொருளைப் போட்டிருக்கிறோம். கவுண்டர் தம்பி, ஸ்டோர்காரர், கணக்கு பார்க்கும் அக்கா, மூவருக்கும் எல்லா மெனுவும் தெரிகிறது. நாங்கள் உரம் வாங்கும் விலையை ஒரு தோட்டத்துக் கிராணியே என்னிடம் சொல்கிறார். அவரவருக்கு வேண்டிய மெனு மட்டும் வரும்படி செய்ய முடியுமா?"

தாராளமாக முடியும். ஆனால் வாங்கும் விலை வெளியே போவது மெனுவை மறைத்தால் மட்டும் நிற்காது.

முதலில் செட்டிங்ஸில் ஒவ்வொரு யூசரையும் திறந்து பாருங்கள். அவசரத்தில் எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுத்திருப்பார்கள். தம்பிக்குக் கொள்முதல் உரிமையைக் காலியாக விட்டாலே அந்த ஆப் அவர் திரையில் வராது. பாதி வேலை இதிலேயே தீர்ந்துவிடும்.

மிச்சத்துக்கு, கூடுதல் அமைப்புகளைக் காட்டும் டெவலப்பர் மோடை செட்டிங்ஸில் இயக்குங்கள். குரூப் என்றால் ஒரே உரிமை உள்ளவர்களின் தொகுதி. குரூப்ஸ் பகுதியில் 'கவுண்டர்', 'ஸ்டோர்' என்று வேலையின் பெயரில் குரூப் உண்டாக்குங்கள். ஆள் பெயரில் வேண்டாம். தம்பி நாளைக்கு ஈப்போவில் வேலை கிடைத்துப் போய்விட்டால், அடுத்து வருபவரை அதே குரூப்பில் சேர்த்தால் போதும். பிறகு செட்டிங்ஸின் டெக்னிக்கல் பகுதியில் மெனு ஐட்டம்ஸ் போய், வேண்டிய மெனுவில் குரூப்பைச் சேருங்கள்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு மெனுவில் நான்கு குரூப் இருந்தால், அதில் ஏதாவது ஒன்றில் இருப்பவருக்கும் அது தெரியும். புதிய குரூப்பைச் சேர்த்தால் கதவு அகலமாகுமே தவிர குறுகாது. பழைய குரூப்பை எடுக்க வேண்டும். எடுக்கும்முன் உங்களையும் புதிய குரூப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதலாளிக்கே மெனு காணாமல் போகும். அந்த மெனுவைத் தரும் மாட்யூலை, அதாவது ஓடூவின் அந்தப் பகுதியை, அப்டேட் செய்தால் எடுத்த குரூப் திரும்ப வந்துவிடலாம், அப்போது மறுபடி பாருங்கள்.

சரி, வாங்கும் விலைக்கு வருவோம். ஓடூவில் ஒரு பொருளின் பக்கத்தைத் திறந்தால் விற்கும் விலைக்குக் கீழேயே காஸ்ட் என்று இருக்கும். இன்டர்னல் யூசர், அதாவது உள்ளே லாகின் உள்ள ஊழியர், யாராக இருந்தாலும் அதைப் பார்க்கலாம். கொள்முதல் உரிமையே தேவையில்லை. தம்பி விற்பனை ஆர்டரில் உரத்தின் பெயரைத் தட்டி உள்ளே போனால் போதும். இதற்கு அந்தப் பக்கத்தின் வியூவில் (திரை அமைப்பில்) காஸ்ட் ஃபீல்டைக் (கட்டத்தைக்) குறிப்பிட்ட குரூப்புக்கு மட்டும் காட்டச் சொல்ல வேண்டும். அதுவும் திரையில் மறைப்பதுதான். எக்ஸ்போர்ட் செய்தால் எக்செல்லில் வந்துவிடும். அதனால் தம்பியிடமிருந்து எக்ஸ்போர்ட் உரிமையையும் எடுத்துவிடுங்கள். முழுப் பூட்டு வேண்டுமென்றால், திரையில் அல்ல, ஃபீல்டிலேயே குரூப் போட வேண்டும். அது புரோகிராம் எழுதும் வேலை, உங்களுக்கு ஓடூ அமைத்துக் கொடுத்தவரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று கடைகள் ஒரே தோட்டங்களுக்கு விற்கும் சின்ன ஊரில், இந்தச் செலவு வீண் இல்லை என்றுதான் சொல்வேன்.

எல்லாம் செய்தபின் உங்கள் லாகினில் சோதிக்காதீர்கள். பிரவுசரில் பிரைவேட் விண்டோ திறந்து தம்பியின் லாகினில் நுழையுங்கள். ஒரு பில் போடுங்கள், ஸ்டாக் பாருங்கள், பொருளைத் தட்டிப் பாருங்கள். அவர் வேலைக்குத் தேவையானது தடைபட்டால் அடுத்த நாளே அக்காவின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிவிடுவார். அப்புறம் யார் எதைப் பார்த்தார்கள் என்றே தெரியாது.