கடைசிச் சவாரிக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே

விடுமுறை முடிந்த கையோடு வந்து குவிந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, தீம் பார்க்குக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு மட்டும் இந்த முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், மாமியார் என ஐந்து பேர் போயிருந்தோம். கொடுத்த காசு வீணாகக் கூடாது என்று கேட் மூடும் வரை இருந்தோம். இரவு எட்டரை மணிக்கு நல்ல ரெஸ்டாரண்ட் ஒன்றில் கணவர் இடம் சொல்லி வைத்திருந்தார். போய் உட்கார்ந்ததுமே மகள் மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். மெனுவில் இருந்த எதுவும் வேண்டாம் என்றான் மகன். கால் வலியில் இருந்த மாமியார் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் நானும் கணவரும் சண்டை போட்டுக்கொண்டோம். பகலெல்லாம் அத்தனை சந்தோஷமாக இருந்தோமே, எங்கே தவறினோம்?

பதில்: சண்டை நடந்தது ரெஸ்டாரண்டில் என்றாலும், அதற்கு விதை போட்டது ‘கேட் மூடும் வரை’ என்ற உங்கள் கணக்குதான். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் காலையிலேயே செலவாகிவிட்டது. கூடுதலாக ஒரு மணி நேரம் நின்றால் அதில் ஒரு பைசாவும் திரும்பி வரப்போவதில்லை. பயமும் குதூகலமும் கலந்த சவாரிகளின்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அது சுரக்கும் நேரத்தில் பசி மங்கிப்போகும். அதனால்தான் ‘பசிக்கவில்லை, இன்னும் ஒரே ஒரு ரைடு’ என்று பிள்ளைகள் சொல்லும்போது அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆட்டம் அடங்கிக் காரில் ஏறி உட்கார்ந்த பிறகு பசி, தாகம், தூக்கம் மூன்றும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றாக வந்து சேர்கின்றன. அந்த நேரத்தில் எத்தனை நல்ல ரெஸ்டாரண்டாக இருந்தாலும் ஆறு வயதுக் குழந்தைக்கு அது தலையணைதான்.

அடுத்த முறை சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணி வாருங்கள். வீட்டில் பிள்ளைகள் ஏழு மணிக்குச் சாப்பிடுபவர்கள் என்றால் அன்றும் ஏழு மணிக்குத் தட்டு முன்னால் இருக்க வேண்டும். லாக்கரைத் திறந்து பையை எடுப்பது, ஈரத்துணி மாற்றுவது, ஆளுக்கொரு திசையில் போனவர்களைத் தேடிப் பிடிப்பது, பார்க்கிங்வரை நடப்பது, அங்கிருந்து சாப்பிடும் இடத்துக்குப் போவது என்று கூட்டிப் பார்த்தால், கடைசிச் சவாரிக்கும் முதல் கவளத்துக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் சுலபமாகக் கரைந்துவிடும். ஆகவே ஐந்தரை மணிக்குக் கடைசிச் சவாரி; அதுவும் மெதுவாகச் சுற்றும் ராட்டினம் போன்ற, மாமியாரும் ஏறக்கூடிய ஒன்றாக இருந்தால் நாள் ஆர்ப்பாட்டமில்லாமல் இறங்கி வரும். மூடும் நேரத்தில் வரிசை குறையும் என்று கணவர் வாதாடினால், கேட் திறந்த முதல் ஒரு மணி நேரத்திலும் அதே அளவுக்குக் குறைவாகத்தான் இருக்கும் என்று சொல்லி, அவரைக் காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள்.

ரெஸ்டாரண்ட் விஷயத்தில் என் அபிப்பிராயம் சற்றுப் பழமையானது. அன்றைக்குப் புதுச் சுவை தேடிப் போகாதீர்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடும் பண்டம் கிடைக்கிற, மாமியார் சாய்ந்து உட்கார முதுகு வைத்த நாற்காலி இருக்கிற, இரைச்சல் இல்லாத இடம் போதும். உள்ளே நுழைந்ததும், பெரியவர்கள் மெனுவைப் புரட்டத் தொடங்கும் முன்பே சின்னவளுக்கான தட்டைச் சொல்லிவிடுங்கள். போகிற வழியில் காரிலேயே கொறிக்க ஏதாவது கொஞ்சம் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன் எதற்கு என்று மாமியார் கேட்டால், அவருக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.

கேள்வி: என் மகனின் உயரம் 118 செ.மீ.; அவன் ஆசைப்பட்ட சவாரிக்கு 120 செ.மீ. வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயமே இல்லாத பையன். தடிமனான ஷூ போட்டு அழைத்துப் போனால் என்ன?

பதில்: வேண்டாம். உயரக் கோடு பையனின் தைரியத்தை அளப்பதற்காகப் போட்டதல்ல. மடிமேல் இறங்கும் கம்பியும் தோள்மேல் இறங்கும் பிடியும் குறிப்பிட்ட உடல் அளவுக்காக வடிவமைக்கப்பட்டவை. அதைவிடச் சிறிய உடல் அந்தப் பிடிக்கு அடியில் வழுக்கி வெளியே வந்துவிடக்கூடும். ஷூவின் அடிப்பாகம் உயர்ந்தால் இடுப்பின் அளவு மாறுவதில்லை. எந்தச் சவாரிக்கு எவ்வளவு உயரம் என்பதைப் பெரும்பாலான பூங்காக்கள் முன்கூட்டியே இணையதளத்தில் போட்டுவிடுகின்றன. கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் பையனை நிறுத்தி அளந்து, ‘இதில் ஏறலாம், இதில் அடுத்த வருஷம்’ என்று அவனோடு உட்கார்ந்து பட்டியல் போட்டுவிட்டால், வரிசையின் தலைமாட்டில் நின்று அழ வேண்டியிருக்காது.

கேள்வி: ரோலர் கோஸ்டர் தலைகீழாகப் போகும்போது ஏன் விழுவதில்லை? வரிசையில் நிற்கும்போது அப்பாவிடம் கேட்டேன். ‘வரிசை நகருது, வா’ என்றார். எனக்கு வயது 12.

பதில்: அப்பாவை மன்னித்துவிடு தம்பி, அவர் பயத்தில் இருந்திருப்பார். பெட்டியின் சக்கரங்கள் தண்டவாளத்தை மூன்று பக்கமாகப் பிடித்திருக்கின்றன: மேலே ஓடுபவை, பக்கவாட்டில் உரசுபவை, அடியில் இருந்து கவ்வுபவை. அந்த அடிச்சக்கரத்துக்கு 1919இல் காப்புரிமை பெற்றவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்கர். ஆனால் உன்னை இருக்கையோடு அழுத்தி வைப்பது வேகம். வளையத்தின் உச்சியில் புவியீர்ப்பு உன்னைக் கீழே இழுக்கிறது. தண்டவாளமோ பெட்டியை அதைவிட வேகமாகக் கீழ்நோக்கி வளைக்கிறது. அதனால் இருக்கைதான் உன்னை அழுத்துகிறது, நீ அதைவிட்டு விலகுவதில்லை. 1895இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் கட்டிய ரோலர் கோஸ்டரின் வளையம் முழு வட்டமாக இருந்ததால் ஏறியவர்களின் கழுத்தைப் பதம் பார்த்தது. 1976இல் கலிஃபோர்னியாவில் வந்த ‘ரெவல்யூஷன்’ என்ற ரோலர் கோஸ்டர் முதல் நீர்த்துளி போன்ற வடிவம் நிலைத்துவிட்டது. அடுத்த முறை கீழே நின்று அண்ணாந்து பார், வளையம் வட்டமாக இருக்காது.

இன்னொன்றும் கவனி. மேலே ஏறும்போது காதில் விழும் ‘டக் டக் டக்’ ஓசை, சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் சரியாமல் தடுக்கும் கொக்கி, ஒவ்வொரு பல்லாகத் தாண்டும் ஓசை. எல்லாரையும் நடுங்க வைக்கும் அந்தச் சத்தம்தான் அங்கே இருப்பதிலேயே ஆறுதலான சத்தம். அப்பாவிடம் இதைச் சொல். நடுப்பெட்டியில் உட்கார வை. கடைசிப் பெட்டி உச்சியை வேகமாகத் தாண்டிச் சரேலென்று இழுபடும், அது உனக்கு.

கேள்வி: சுற்றும் சவாரி எதில் ஏறினாலும் என் 8 வயது மகளுக்கு வாந்தி வருகிறது. வெறும் வயிற்றில் அழைத்துப் போகலாமா?

பதில்: வெறும் வயிறும் குமட்டலைக் கூட்டும், அரை வயிறு சாப்பிடட்டும், அரை மணி நேரம் கழித்து ஏறட்டும். உட்காதில் உள்ள திரவம் சுழற்சியை ஒருவிதமாகவும் கண் வேறுவிதமாகவும் சொல்வதால் மூளை குழம்புவதுதான் இந்தக் கோளாறு; 2 வயதிலிருந்து 12 வயது வரையில் இது அதிகம், வளர வளரப் பெரும்பாலும் குறையும். இறங்கியதும் நடக்கவிடாமல் உட்கார வைத்து, தொலைவில் அசையாமல் இருக்கும் ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். அது தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதை இரவுச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 70. இதய நோய் இருப்பதால் எதிலும் ஏறுவதில்லை. பேரப்பிள்ளைகளோடு போனால் பகல் முழுவதும் பைகளுக்குக் காவல் இருப்பதே என் வேலை. அடுத்த முறை வரவில்லை என்று சொல்லிவிடலாமா?

பதில்: பைகளை லாக்கரில் வைக்கச் சொல்லுங்கள், அந்த வேலையிலிருந்து மட்டும் ராஜினாமா செய்யுங்கள். மற்றபடி கட்டாயம் போங்கள். சவாரியில் ஏறியவர்கள் எல்லாரும் நடந்ததை நேரில் அனுபவித்தவர்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள அவர்களிடம் புதிதாக எதுவும் இல்லை. இரவு சாப்பாட்டு மேசையில், எந்தத் திருப்பத்தில் அக்கா அலறினாள், யாருடைய செருப்பு தண்ணீரில் போனது என்பதையெல்லாம் முதலிலிருந்து சொல்ல, ஏறாத ஒருவர் வேண்டும். சவாரி நடக்கும்போது நிழலாக ஓர் இடம் பார்த்து, பெட்டி திரும்பும் வளைவுக்கு நேர் எதிரே உட்காருங்கள். ஒரு நொடிதான் தெரிவார்கள், கையசையுங்கள். மேசையில் அவர்கள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாத்தாவைப் பார்த்தோம், இல்லை நீ பார்க்கவில்லை, நான்தான் பார்த்தேன் என்ற சண்டையில்தான் கதை தொடங்கும்.