பெரிய ரப்பர் செடிக்கு எந்தத் தொட்டி வாங்கறது?

கேள்வி: வேளச்சேரில மூணாவது மாடி ஃபிளாட். ஹால்ல ஒரு ரப்பர் செடி இருக்கு, அஞ்சடி வளந்துடுச்சு, ஆனா இன்னும் நர்சரில குடுத்த 10 இன்ச் பிளாஸ்டிக் தொட்டிலயேதான் இருக்கு, கீழ ஓட்டை வழியா வேர் வெளிய வந்துடுச்சு. கடைல 18 இன்ச் செராமிக் தொட்டி ஒண்ணு பாத்தோம், ரொம்ப அழகா இருக்கு, அடில ஓட்டை மட்டும் இல்ல. கீழ ரெண்டு இன்ச் ஜல்லி போட்டுட்டா தண்ணி அதுல எறங்கிடும், பிரச்சனை இல்லன்னு கடைக்காரர் சொல்றார். வாங்கலாமா?

பதில்: செடிய நேரா அதுல நடறதுக்குன்னா வாங்காதீங்க. ஜல்லி விஷயம் நெறைய கடைல சொல்றதுதான், ஆனா அது நடக்காது. பாத்திரம் கழுவற ஸ்பாஞ்ச நல்லா நனைச்சு, சொட்டறது நின்னதும் ஜல்லி மேல படுக்க வச்சுப் பாருங்க, அதுல இருக்கற தண்ணி கல்லுக்கு எறங்காது, ஸ்பாஞ்சுக்குள்ளயேதான் நிக்கும். மண்ணும் இதேதான் பண்ணும். பொடி மண்ணு தண்ணிய இறுக்கிப் பிடிச்சுக்கும், தனக்கு அடில பெரிய பெரிய இடைவெளி இருக்கற கல்லு வந்தா அந்த எல்லைல சொதசொதன்னு நிறைஞ்ச பிறகுதான் கீழ விடும். அதனால ஜல்லி போட்டா அந்த ஈர மண்ணு ரெண்டு இன்ச் மேல ஏறி வேருக்குக் கிட்ட வருது, அவ்ளோதான், அப்பறம் கல்லுக்கு நடுவுல தேங்கற தண்ணிக்கு வெளிய போக வழியே இல்ல, காத்து கிடைக்காம வேர் அழுகும். அழுகறது வெளில தெரியாது, இலை மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும், அதப் பாத்துட்டு தண்ணி பத்தலன்னு நினைச்சு நாம இன்னும் ஊத்துவோம், நெறைய வீட்ல பெரிய செடி போறது இப்படித்தான்.

அடுத்தது சைஸ். 10 இன்ச்லேந்து 12 போங்க, மிஞ்சினா 13. அதே ஷேப்ல 18 இன்ச் தொட்டின்னா கிட்டத்தட்ட ஆறு மடங்கு மண்ணு பிடிக்கும், அவ்வளவு ஈரத்த உறிஞ்ச அங்க வேரே இருக்காது, ஹால் வெளிச்சத்துல அது காயறதுக்கும் ரொம்ப நாளாகும். மண்ணோட நனைஞ்சா 50 கிலோவையும் தாண்டிரும், பெருக்கித் துடைக்க யார் நகத்தறது? வாங்கறப்ப டேப் கொண்டு போய் உள்பக்க வாய அளந்துக்கோங்க, போட்டிருக்கற சைஸ் பல சமயம் வெளிப்பக்க அளவு. வாய் குறுகி வயிறு பெருத்த ஷேப் வேணவே வேணாம், அடுத்த தடவை மாத்தறப்ப வேர்க்கட்டி வெளிய வராது, தொட்டிய உடைக்கணும். அகலத் தொட்டிய விட கொஞ்சம் உயரமானது நல்லது, அந்த ஸ்பாஞ்ச நிமித்தி நிக்க வச்சா இன்னும் கொஞ்சம் தண்ணி சொட்டும் பாருங்க, அதே காரணம்தான்.

எந்த மெட்டீரியல்னா, தண்ணி அதிகமா ஊத்தற கை இருக்கற வீட்டுக்கு பெயின்ட் அடிக்காத மண் தொட்டிதான் என் சாய்ஸ், சுவர் வழியாவும் ஈரம் போயிடும். ஆனா கனம், அடில கசிஞ்சு மார்பிள் தரைல கறை விழும், அதனால கீழ பிளாஸ்டிக் தட்டு வைங்க. மண் தட்டும் கசியும். பிளாஸ்டிக் வாங்கினீங்கன்னா திருப்பிப் பாருங்க, பல தொட்டில ஓட்டைக்கான வட்டம் மட்டும் இருக்கும், நாமதான் குத்தித் திறக்கணும், இத கவனிக்காம அப்படியே நட்டுடறாங்க.

அந்த செராமிக் மனசுல நின்னுடுச்சுன்னா ஒரு வழி இருக்கு. செடிய 12 இன்ச் பிளாஸ்டிக் தொட்டில நட்டு, அத அப்படியே செராமிக்குக்குள்ள ஒரு கட்டை மேல வச்சுடுங்க, தண்ணி ஊத்தி அரை மணி நேரம் கழிச்சு உள்ள தேங்கினத எடுத்துக் கொட்டிடுங்க. இதுக்கு 18 வேணாம், உள் தொட்டி தாராளமா எறங்கற சைஸ் போதும். டைல்ஸ் போடறவர் கிட்ட குடுத்து ஓட்டை போடறதுன்னா டிரில்ல ஹேமர் மோட் (தட்டித் தட்டித் துளைக்கறது) இல்லாம, தண்ணி விட்டுக்கிட்டே மெதுவா போடச் சொல்லுங்க, அப்பவும் விரிசல் விடலாம், ரிஸ்க் உங்களுது.

கேள்வி: மண்ணு என்ன போடணும்? தட்டுல தண்ணி நின்னா பரவால்லயா?

பதில்: வெறும் செம்மண் வேணாம், தொட்டிக்குள்ள இறுகிடும். செம்மண் ஒரு பங்கு, கழுவின கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) ஒரு பங்கு, பெர்லைட்டோ (லேசான வெள்ளைக் கல் துணுக்கு) பருமணலோ ஒரு பங்கு, மண்புழு உரம் அரை பங்கு. மட்டமான கோகோபீட்ல உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவை அலசிடுங்க. பீச் மணல் கூடவே கூடாது. ஓட்டைய ஓட்டுச்சில்லு வச்சு அடைக்காம சின்ன வலைத்துண்டு போடுங்க, மண்ணு ஒழுகாம இருக்க அது போதும். நட்டு முடிச்சு தாராளமா தண்ணி ஊத்துங்க, ஒரு நிமிஷத்துல மேல குளம் மாதிரி நிக்காம கீழ சொட்ட ஆரம்பிக்கணும்.

தட்டுல தண்ணி நிக்கவே கூடாது. வேருக்கும் கெடுதல், டெங்கு கொசுவும் அதுலதான் முட்டை போடும், முட்டைலேந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவையாவது தட்ட எடுத்துத் தேய்ச்சுக் கழுவுங்க, முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், தண்ணிய மட்டும் கொட்டினா போகாது.