ரயில் பிரேக்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செங்கோட்டை–புனலூர் பாதையில் ரயில் மலை இறங்கி நின்றதும் கருகல் வாடை அடிக்கிறது. சில நாள் ஒரே ஒரு பெட்டிக்கு அடியில் மட்டும் புகை. இது சகஜமா, கோளாறா?
– வாசகர், புளியரை

பதில்: எல்லாப் பெட்டிகளிலும் லேசாக வாடை வந்தால் சகஜம். இப்போதைய பிரேக் பிளாக்குகள் (சக்கரத்தை அழுத்தி நிறுத்தும் கட்டைகள்) வார்ப்பிரும்பு அல்ல, பிசின் சேர்த்து அழுத்திச் செய்த காம்போசிட். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் வாடை வரத்தான் செய்யும். ஒரு பெட்டியில் மட்டும் புகை என்றால் அங்கே பிரேக் விடவில்லை என்று பொருள். பிரேக் பைண்டிங் என்பது இதுதான்.

காற்று எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். பச்சை பெயின்ட் அடித்த பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் (சதுர செ.மீ.க்கு), வெள்ளை ஃபீட் பைப்பில் 6 கிலோ. பெட்டிக்குப் பெட்டி ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு (டி.வி.) உண்டு. அதோடு சேர்ந்த கன்ட்ரோல் ரிசர்வாயர் என்ற காற்றுத் தொட்டியில் அந்த 5 கிலோ பூட்டி வைத்த மாதிரி அப்படியே இருக்கும். பிரேக் பைப்பில் அழுத்தம் இறங்கினால் டி.வி. இரண்டையும் ஒப்பிட்டு, ஆக்ஸிலரி ரிசர்வாயர் என்ற இன்னொரு தொட்டியின் காற்றைப் பிரேக் சிலிண்டருக்கு விடும்; அதன் பிஸ்டன் வெளியே வந்து பிளாக்கைச் சக்கரத்தில் அழுத்தும். ஐ.சி.எஃப். பெட்டியில் (சென்னைத் தொழிற்சாலையின் பழைய வடிவமைப்பு) முழு பிரேக்கில் சிலிண்டரில் 3.8 கிலோ வரை ஏறும்.

இன்ஜின் மாறும்போதுதான் வில்லங்கம். பழைய இன்ஜின் 5.2 கிலோ ஏற்றிவிட்டுப் போயிருக்க, புதியது 5 கிலோ மட்டும் கொடுத்தால், கேஜில் எல்லாம் சரியாகவே தெரியும். டி.வி.க்கோ 0.2 கிலோ குறைவு. யாரோ பிரேக் போட்டிருக்கிறார்கள் என்று அது இறுக்கிப் பிடிக்கும். இன்ஜின் மாறியதும் ஊழியர்கள் பெட்டிபெட்டியாக நடந்து ரிலீஸ் கைப்பிடியை இழுப்பது இதற்காகத்தான். ‘புஸ்’ என்று கன்ட்ரோல் ரிசர்வாயர் காற்று வெளியேறி, பிஸ்டன் உள்ளே போக வேண்டும். போனதைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த பெட்டிக்கு நகரக் கூடாது. சத்தத்தை மட்டும் நம்பி நகர்ந்தால் இறுகிய பெட்டி அப்படியே கிளம்பிவிடும்.

திரும்பத் திரும்ப ஒரே பெட்டி பிடித்தால் சந்தேகம் வேறு: டி.வி.யின் டயஃப்ரம் (உள்ளே உள்ள ரப்பர் சவ்வு) இறுகிப்போயிருக்கலாம், காற்று போகும் சிறு சோக் துளையில் துருத்தூள் அடைத்திருக்கலாம், சிலிண்டரின் ரிட்டர்ன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், பிளாக்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் அளவு தப்பியிருக்கலாம். கார்டு பெட்டி என்றால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். வழியில் சரிசெய்ய முடியாவிட்டால் டி.வி.யை ஐசொலேட் செய்து (இணைப்பைத் துண்டித்து) காற்றை வெளியேற்றி, லோகோ பைலட்டிடமும் கார்டிடமும் (இப்போதைய பெயர் டிரெயின் மேனேஜர்) சொல்லிவிட்டே வண்டியை விடலாம். அதற்கு முன் சக்கரம் முழுவதையும் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த தண்டவாளத்தில் இறுகிய சக்கரம் சுழலாமல் சறுக்கித் தட்டையாகும். பயணிகள் பெட்டியில் அந்தத் தட்டை 50 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

கேள்வி: மழைக்காலத்தில் எல்.எச்.பி. பெட்டி (ஜெர்மன் வடிவமைப்பிலான புதிய வகை) நிற்கப்போகும்போது அடியில் விட்டுவிட்டு ‘புஸ் புஸ்’ சத்தம். காற்றுக் கசிவா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பெரும்பாலும் இல்லை. அச்சின் வேகத்தை ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். சறுக்குவதாகத் தெரிந்தால் சறுக்கல் தடுப்புக் கருவி அந்த அச்சின் சிலிண்டரிலிருந்து மட்டும் காற்றை நொடிப்பொழுது விட்டுவிட்டுத் திரும்ப ஏற்றும். வண்டி நின்ற பிறகும் சத்தம் ஓயாவிட்டால்தான் கசிவு. பெட்டியின் பக்கவாட்டில் சிறு ஜன்னல் போன்ற இண்டிகேட்டர் இருக்கும்: சிவப்பு என்றால் பிரேக் பிடித்திருக்கிறது, பச்சை என்றால் விட்டுவிட்டது. ஓடுகிற வண்டியில் ஒரு பெட்டி மட்டும் சிவப்பு காட்டினால் ஸ்டேஷனில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: சிறிய ரப்பர் பட்டறை வைத்திருக்கிறேன். டி.வி. டயஃப்ரம், ஹோஸ் வாஷர் எல்லாம் செய்ய முடியும். பக்கத்தில் திருப்பதி பெட்டி பழுதுபார்க்கும் பணிமனை இருக்கிறது. நேரே கொண்டுபோய்க் கொடுக்கலாமா?
– வாசகர், புத்தூர், ஆந்திரா

பதில்: முடியாது. பிரேக் பாகங்கள் பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை. லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி, தர நிர்ணய அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் அங்கீகாரம் வேண்டும், விண்ணப்பம் ஆன்லைனில். டெண்டர் ரயில்வேயின் மின் கொள்முதல் தளமான ஐ.ஆர்.இ.பி.எஸ்.-இல் வரும். அங்கீகாரத்துக்கு வரைபடம், அச்சு, சோதனைக் கருவி, தரத் திட்டம் எல்லாம் உங்களிடமே இருக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு முதலில் கிடைப்பது சிறு பங்கு ஆர்டர்தான். அதை நம்பிப் பெரிய கடன் வாங்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற பிரேக் கம்பெனிக்குத் துணைச் சப்ளையராகத் தொடங்குவது எங்கள் பார்வையில் புத்திசாலித்தனம்; ஓசூரிலேயே அப்படிப்பட்ட ஆலை இருக்கிறது. அவர்கள் தரும் காம்பவுண்ட் (ரப்பர் கலவை), அவர்கள் சொல்லும் ஷோர் ஏ கடினம் (ரப்பரின் கடினத்தை அளக்கும் அளவுகோல்), அவர்கள் கொடுக்கும் அச்சு என்றுதான் ஆரம்பம் இருக்கும்.

சரக்கு திரும்பி வருவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான்: சீல் உதட்டில் வெட்டாமல் விட்ட பிசிறு, வேகவைப்பு குறைந்து மென்மையாகிப்போன ரப்பர், டயஃப்ரமில் துணி ஒரு பக்கம் ஒதுங்கியது, தயாரித்த மாதம்–ஆண்டு அச்சில் பதியாதது. ரப்பருக்கு ஆயுள் உண்டு. ஷெல்ஃபில் கிடந்தே காலாவதியாகும். அதனால் பழைய சரக்கை முதலில் அனுப்புங்கள். வெயில் படாத இருட்டு அறையில் வையுங்கள். மோட்டார், வெல்டிங் இருக்கும் இடத்தருகே வைத்தால் ஓசோன் பட்டு நுண்விரிசல் விழும். ஓ-ரிங்குகளை ஆணியில் கோத்து மாட்டுவது நம் பட்டறைகளில் வழக்கம். தொங்கும் இடத்தில் வடிவம் நசுங்கிப்போகும், அதை அடுக்கிப் பெட்டியில் படுக்கப் போடுங்கள்.

கேள்வி: பெட்டிகளுக்கு இடையே உள்ள ஹோஸ் இணைப்பில் கசிவு. வாஷரை மாற்றுமுன் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், வாளையார்

பதில்: முதலில் இரு பக்க ஆங்கிள் காக் வால்வுகளையும் (குழாய் முனையில் காற்றை அடைப்பவை) மூடுங்கள். இடையில் சிக்கிய காற்று போனது உறுதியான பிறகே கப்ளிங்கைப் பிரியுங்கள். 5 கிலோ அழுத்தத்தில் ஹோஸ் சாட்டைபோல அடிக்கும். வாஷர் உட்காரும் பள்ளத்தைத் துடைத்து, முறுக்கில்லாமல் பொருத்தி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முழு ரேக்குக்கும் (கோத்த பெட்டித் தொடர்) சோதனை செய்யும்போது பயணிகள் ரயிலின் பிரேக் பைப்பில் நிமிடத்துக்கு 0.2 கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது.